அரசே முதலாளி, அரசே ஆய்வாளர்

புது தில்லியில் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தபோது, விவாதம் எல்லோரும் எதிர்பார்த்த தடத்திலேயே சென்றது. 29 சட்டங்கள் நான்காகச் சுருக்கப்பட்டதைத் தொழில் கூட்டமைப்புகள் வரவேற்றன. ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களில் இருந்து 300 ஆக உயர்த்தப்பட்டதை மத்திய தொழிற்சங்கங்கள் கண்டித்தன. பாரதிய மஸ்தூர் சங்கம் மட்டும் ஊதியம், சமூகப் பாதுகாப்பு ஆகிய தொகுப்புகளை ஆதரித்துத் தனித்து நின்றது. முதலாளி ஒருபுறம், தொழிலாளி மறுபுறம், நடுவில் நடுவராக அரசு என்பதே இந்த விவாதத்தின் வரைபடம்.

அந்தமான் நிகோபார் தலைநகரின் ஒரு பகுதியான மின்னி பேயில் நின்று பார்த்தால் இந்த வரைபடம் பொருந்துவதில்லை. (அந்தத் தலைநகரின் பெயர் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்பதில் இருந்து ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.) பெரிய தனியார் ஆலை என்று சொல்லிக்கொள்ளத் தீவுகளில் ஏதுமில்லை. 300 தொழிலாளர் வரம்பு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அங்குள்ள கூலித் தொழிலாளியின் வாழ்க்கை மாறிவிடாது. சாலை போடுவது, கட்டடங்களைப் பராமரிப்பது, குழாயில் தண்ணீர் வரச் செய்வது ஆகிய அனைத்தும் அரசுத் துறைகளின் வேலை. அந்த வேலையைச் செய்வோரில் ஆயிரக்கணக்கானோர் அரசு ஊழியர்களும் அல்லர். 'தினக்கூலி மஸ்தூர்' என்பதே அவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர். அங்கே முதலாளியும் அரசு, நடுவரும் அரசு.

தீவுகளில் இது புதிதன்று. 1858-இல் ஆங்கிலேயர் அமைத்த கைதிக் குடியேற்றமே அங்கு நிலைபெற்ற முதல் பெரிய பணித்தளம். காடு திருத்தியவர்கள், சாலை அமைத்தவர்கள், 1906-இல் முடிந்த செல்லுலார் சிறையைக் கட்டியவர்கள் அனைவரும் கூலி கேட்க உரிமையற்ற கைதிகள். 1883-இல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலையும் அரசுடையதே. காட்டு வேலைக்குக் கைதிகள் போதாதபோது 1918-இல் இருந்து சோட்டா நாகபுரியின் பழங்குடியினர் கொண்டுவரப்பட்டனர். தீவுவாசிகள் இன்றும் அவர்களை 'ராஞ்சிக்காரர்கள்' என்றே அழைக்கின்றனர். விடுதலைக்குப் பின் வங்காள அகதிகள் வந்தனர். தமிழகத்தில் இருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் வந்தனர். இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதம். சென்னையில் இருந்து கப்பலில் மூன்று நாள் பயணத் தொலைவில் உள்ள இந்த மக்களின் ஊதியப் பிரச்னை, தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் எப்போதாவது ஒலித்ததுண்டா என்பது தனிக் கேள்வி.

இவர்களது கோரிக்கை சிக்கலானதன்று. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தினக்கூலி ஒருவர் செய்தால், அந்தப் பணிக்குரிய ஊதிய விகிதத்தின் அடிமட்டத் தொகையில் முப்பதில் ஒரு பங்கும் அகவிலைப்படியும் நாள்கூலியாகத் தரப்பட வேண்டும் என்பது மத்திய அரசே வகுத்த நெறி. மத்திய பொதுப்பணித் துறையின் தினக்கூலித் தொழிலாளர்கள் தொடுத்த சுரீந்தர் சிங் வழக்கில் 1986 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கப் பணித்தது. 1988 ஜூன் 7 அன்று மத்திய பணியாளர் துறை வெளியிட்ட குறிப்பாணை, முப்பதில் ஒரு பங்கு என்ற கணக்கை எல்லாத் துறைகளுக்கும் வகுத்துக் கொடுத்தது. அந்தமான் நிர்வாகம் மத்திய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள நிர்வாகம். ஆகவே தில்லியில் எழுதப்பட்ட நெறி கடல் கடந்து செல்வதற்குத் தடை ஏதும் இருந்திருக்கக் கூடாது.

இருந்தும் விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்தமான் பொதுப்பணித் துறையின் தொழிலாளர் சங்கமான 'அந்தமான் சர்வஜனிக் நிர்மாண் விபாக் மஸ்தூர் சங்கம்' தொடுத்த வழக்கில், தினக்கூலிகளுக்கு உயர் ஊதியமும் அகவிலைப்படியும் வழங்க 2022 டிசம்பர் 19 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் சர்க்யூட் அமர்வு உத்தரவிட்டது. சங்கத்தின் வழக்கறிஞர் கணக்குப்படி பயன்பெற வேண்டியவர்கள் சுமார் 4,000 பேர். உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படாததால் நீதிமன்ற அவமதிப்பு மனு தாக்கலானது. 2023 ஆகஸ்ட் 3 அன்று வந்த தீர்ப்பு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தலைமைச் செயலர் கேசவ் சந்திரா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். துணைநிலை ஆளுநர் அட்மிரல் டி.கே. ஜோஷிக்கு ரூ. 5 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. மறுநாளே தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

ஒரு தலைமைச் செயலரை நீதிமன்றமே பணிநீக்கம் செய்யலாமா என்பதைச் சுற்றியே அன்று செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் பேச்சு நடந்தது. அந்தத் தண்டனை அளவு மீறியது என்று கருத இடமுண்டு. அரசியல் சாசனப் பதவி வகிப்பவருக்கு அபராதம் விதிப்பது மகிழ்ந்து கைதட்டுவதற்குரிய செயலும் அன்று. எனினும், இரண்டு நாள் பரபரப்பில் ஒரு கேள்வி காணாமல் போனது. சாலைப் பணியாளரின் நாள்கூலிக் கணக்கு ஏன் உயர் நீதிமன்றத்தின் அவமதிப்பு மனு வரை செல்ல நேர்ந்தது? அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய அமைப்புகளான தொழிலாளர் துறை, சமரச அலுவலர், ஊதிய ஆய்வாளர் ஆகியோரெல்லாம் எங்கே இருந்தனர்?

அவர்கள் இருந்தனர். அதே நிர்வாகத்தின் கீழ், அதே தலைமைச் செயலருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தனர். சிக்கலின் முடிச்சு இங்குதான் உள்ளது. தொழிலாளர் சட்டங்களில் 'உரிய அரசு' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். விலக்கு அளிப்பது, குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிப்பது, ஆய்வாளரை நியமிப்பது, பிரச்னையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது எல்லாம் அந்த 'உரிய அரசின்' அதிகாரம். மாநிலங்களில் மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே இது பகிர்ந்துகொள்ளப்படுகிறது. யூனியன் பிரதேசத்தைப் பொருத்தவரை, 'மாநில அரசு' என்ற சொல்லுக்கு மத்திய அரசு என்றே பொருள் என்கிறது பொது வாசகங்கள் சட்டம். அந்தமானில் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர். அமைச்சரைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி வரிசை அங்கு இல்லை. சட்டம் இயற்றுபவர், அதை அமல்படுத்துபவர், கூலி தருபவர், கூலி தராததை விசாரிப்பவர் என நான்கு பொறுப்புகளையும் ஒரே அரசு தாங்கி நிற்கிறது.

புதிய தொகுப்புகள் இந்த நிலையை மாற்றுகின்றனவா? நியாயமாகப் பார்த்தால், அவற்றில் வரவேற்க வேண்டியவை இல்லாமல் இல்லை. முன்பு பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே பொருந்திய குறைந்தபட்ச ஊதியம் இப்போது எல்லாத் தொழிலாளர்களுக்கும் உரியதாகிறது. நாடு முழுமைக்கும் ஓர் அடித்தள ஊதியம் நிர்ணயிக்கப்பட வேண்டும், எந்த அரசும் அதற்குக் கீழே போக முடியாது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் பணிபுரிவோருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை கிடைக்கும். ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002-இல் அறிக்கை தந்தது முதல் பேசப்பட்டுவந்த ஒருங்கிணைப்பு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்திருக்கிறது. ஒரே சொல்லுக்குச் சட்டத்துக்குச் சட்டம் வெவ்வேறு பொருள் என்றிருந்த குழப்பம் வழக்கறிஞர்களைத் தவிர யாருக்கும் நன்மை செய்ததில்லை.

ஆனால் அரசு தன்னைத் தானே எங்கே வைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊதியத் தொகுப்பின் மூன்றாம் அத்தியாயம், கூலியை எப்போது, எப்படித் தர வேண்டும், எதைப் பிடித்தம் செய்யலாம் என்று வகுக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தர வேண்டும் என்ற விதி அதில்தான் உள்ளது. அதே அத்தியாயத்தின் கடைசிப் பிரிவான 25, இந்த அத்தியாயம் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது, உரிய அரசு அறிவிக்கை வெளியிட்டுப் பொருந்தச் செய்தாலன்றி, என்கிறது. அதாவது பெட்டிக்கடை முதல் பன்னாட்டு நிறுவனம் வரை எல்லோரும் குறித்த தேதிக்குள் கூலி தந்தாக வேண்டும், அரசைத் தவிர.

பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பிலும் இதே போக்குதான். மத்திய, மாநில அரசுகளின் அலுவலகங்களுக்கு அத்தொகுப்பு பொருந்தாது. ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற விதி இடம்பெற்றிருப்பதும் இதே தொகுப்பில்தான். ஒரு பொதுப்பணித் துறைக் கோட்டத்தின் கீழ் சாலையில் வேலை செய்யும் மஸ்தூர், 'அலுவலகத்தில்' பணிபுரிபவரா, 'பணித்தளத்தில்' பணிபுரிபவரா? முன்னது என்றால் கடிதம் இல்லை, பின்னது என்றால் உண்டு. இந்த ஒரு சொல்லைத் தீர்மானிக்க இன்னும் எத்தனை வழக்குகள் நடக்குமோ! அரசின் எந்தப் பணி 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்ன தீர்ப்பே, மறுபரிசீலனைக்காக 2017-இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இந்த வேகத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளி பணிக்காலத்தையே முடித்துவிடுவார்.

நீதிமன்றங்களின் குரலும் ஒரே சுதியில் இருந்ததில்லை. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தேர்வின்றி நுழைந்த தினக்கூலிகள் பணி நிரந்தரம் கோர உரிமை இல்லை என்றது. பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியோருக்கு ஒருமுறை மட்டும் வழி காணலாம் என்று ஒரு கதவை அது திறந்து வைத்தது. அரசுத் துறைகள் அந்தக் கதவை மறந்து, மறுத்த பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரம் இல்லாவிட்டாலும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் பணியாற்றி நீக்கப்பட்டவர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில் 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு, உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளிகளுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தது. இத்தனை தீர்ப்புகளில் தேறிய கொள்கையில் ஒரு வரிகூட ஊதியத் தொகுப்பில் ஏறவில்லை. ஆண், பெண் என்ற பாகுபாடு கூடாது என்று மட்டுமே அது சொல்கிறது. நிரந்தர ஊழியருக்கும் தினக்கூலிக்கும் இடையிலான பாகுபாடு பற்றி மௌனம்.

பேசித் தீராதபோது தொழிலாளிக்கு எஞ்சியிருப்பது வேலைநிறுத்தம். அதுவும் இப்போது எளிதன்று. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு விதி, தொழில் உறவுகள் தொகுப்பின்படி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிந்துள்ளது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது. பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. சமரச அலுவலரே முதலாளியின் ஊழியராக இருக்கும் இடத்தில், பேச்சு எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதும் முதலாளியின் கையில்தான்.

இதைத் தில்லியின் குற்றமாக மட்டும் சொல்லி முடித்துவிடத் தமிழகத்துக்குத் தகுதி இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை அன்றைய தமிழக அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியோ தார்மிகப்படியோ உரிமை இல்லை என்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதன் விளைவே. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தத்தைச் சட்டப்பேரவையில் நிறைவேற்றி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது வேறொரு கட்சியின் அரசு. 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் போலீஸார் நள்ளிரவில் அப்புறப்படுத்தினர். பணி நிரந்தரமும் பழைய கூலியுமே அவர்கள் கேட்டவை. ஆளும் கட்சி எதுவானாலும், தனியார் முதலாளிக்குத் தொழிலாளர் நலம் போதிக்கும் அரசு, தான் முதலாளியாகும்போது வேறு முகம் காட்டுகிறது.

இந்த முகத்துக்குச் சர்வதேசச் சான்றும் உண்டு. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பேசும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்பாடுகளை இந்தியா இன்றளவும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசு ஊழியர்களுக்கு உள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்த இயலாது என்பதே தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் காரணம். அந்த அமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒன்றான நாடு, தனியார் ஆலைத் தொழிலாளி அனுபவிக்கும் உரிமையை உலகின் முன் உறுதி செய்யாமல் இருப்பதற்கு, தன் சொந்தப் பணியாளர்களையே காரணமாகக் காட்டுகிறது.

அரசின் தரப்பிலும் வாதம் உண்டு. நிரந்தரப் பணியிடங்களைப் பெருக்கினால் ஓய்வூதியச் சுமை கூடும், வளர்ச்சிப் பணிக்கு நிதி இருக்காது என்பார்கள். கொல்லைப்புற நியமனத்தை ஊக்குவித்தால் வேலைவாய்ப்பகத்தில் பதிந்து காத்திருப்போருக்கு அநீதி என்பார்கள். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தமானில் கேட்கப்பட்டது நிரந்தரப் பணியிடம் அன்று, 1988-இல் அரசே ஒப்புக்கொண்ட நாள்கூலி. ஆண்டுகள் கடந்தபின் நீதிமன்றம் சொல்லி நிலுவையோடு தருவதால் கஜானாவுக்கு மிச்சம் ஏதுமில்லை. வழக்குச் செலவும் கூடுகிறது.

தீவுகளைப் பொருத்தவரை இது பழைய கணக்கைத் தீர்க்கும் விஷயம் மட்டுமன்று. கிரேட் நிகோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. முதலில் ரூ. 72,000 கோடி என மதிப்பிடப்பட்ட திட்டம் அது. 2011 கணக்குப்படி சுமார் 8,000 பேர் மட்டுமே வாழும் தீவு. காடும் பழங்குடியினரும் என்ன ஆவார்கள் என்ற கேள்வி சரியாகவே எழுப்பப்பட்டுள்ளது. கட்டப் போகிறவர்கள் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அவர்கள் தலைநிலத்தில் இருந்துதான் வர வேண்டும். ராஞ்சிக்காரர்கள் வந்த அதே கடல் வழியில்.

1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அமர்த்தினாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு பத்து. ஊர் விட்டு வருவதற்காக ஒரு மாத ஊதியத்தில் பாதியை 'இடப்பெயர்ச்சிப் படி'யாகத் தர வேண்டும் என்ற பழைய விதி மறைந்துவிட்டது. பயணப் படி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒப்பந்ததாரரின்றித் தாமாக வருவோரும் புலம்பெயர் தொழிலாளர் என ஏற்கப்படுவது முன்னேற்றமே. ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழில் நிறுவனங்களுக்குப் பொதுநலன் கருதித் தொழில் உறவுகள் தொகுப்பில் இருந்தே விலக்களிக்கும் அதிகாரம் 'உரிய அரசுக்கு' உண்டு. கிரேட் நிகோபார் திட்டத்தின் முன்மொழிவாளர் அந்தமான் நிர்வாகத்தின் சொந்த நிறுவனமான ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். விலக்குக் கோரும் இடத்தில் இருப்பதும், அதை அளிக்கும் இடத்தில் இருப்பதும் ஒரே அரசின் இரு கைகள்.

திருத்த வேண்டியதைத் திருத்த மற்றொரு சட்டத் தொகுப்பு தேவையில்லை. ஊதியத் தொகுப்பின் 25-ஆம் பிரிவே வழி காட்டுகிறது: அரசு நிறுவனங்களுக்கும் மூன்றாம் அத்தியாயம் பொருந்தும் என்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிடலாம். தன் நேரடிப் பொறுப்பில் உள்ள யூனியன் பிரதேசங்களில் இருந்து அதைத் தொடங்கலாம். தினக்கூலி மஸ்தூர்களின் பெயர், சேர்ந்த நாள், செய்யும் பணி ஆகியவற்றைக் கொண்ட பட்டியலைத் துறைவாரியாக வெளியிட்டு, ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர நிர்வாக ஆணையே போதும். யூனியன் பிரதேசங்களின் சமரச அலுவலர்களையும் ஆய்வாளர்களையும் அந்தந்த நிர்வாகத்தின் பிடியில் இருந்து விடுவித்து, மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையரின் கீழ் கொண்டுவருவதும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆணையரும் மத்திய அரசின் அதிகாரியே என்றாலும், கூலிப் பட்டியலில் கையெழுத்திடும் தலைமைச் செயலருக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர்.

மின்னி பேயில் குழாய் பதிக்கும் தொழிலாளி தன் கூலிக் கணக்கைக் கேட்க, 2022-இலும் 2023-இலும் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருந்தது. நான்கு தொகுப்புகளும் வந்த பிறகு அவர் முதலில் தட்ட வேண்டிய கதவு எது என்பதைத் தொழிலாளர் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையிலாவது சொல்ல வேண்டும்.